மணி அடிக்காத மிஷின்

"மணியே அடிக்கலையே லூயிஸ், நான் எப்படி அடுத்த வரிக்குப் போறது?"

கெர்ட்ரூட் அக்கா இப்படிக் கேட்டபோது, பிரிண்டரிலிருந்து உருவிய தாளைக் கையில் பிடித்தபடி லூயிஸ் நின்றுகொண்டிருந்தான். தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு உரம் அனுப்பிய விவரம், தாமதத்துக்கு மன்னிப்பு, மறுபடியும் ஆர்டர் தரச்சொல்லி வேண்டுகோள், கடைசியில் வணக்கம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள்ளேயே அடங்கிவிட்டன. வலது ஓரம் வரைக்கும் ஒழுங்காக ஓடிய எழுத்துகள், அதற்கு மேல் போக இடமில்லாமல் கடைசி இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தாளில் ஓட்டை போட்டிருந்தன.

போதாக்குறைக்கு, 'டியர் சார்' என்ற ஆரம்பத்தில் 'டியர்' முக்கால்வாசி காணாமல் போயிருந்தது.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. ஈப்போவில் அவர் அளவுக்கு வேகமாக டைப் அடிப்பவர்கள் இருந்தால் நாலைந்து பேர் இருக்கலாம். சுருக்கெழுத்து நோட்டை மட்டுமே பார்ப்பார். விரலையும் பார்க்கமாட்டார், தாளையும் பார்க்கமாட்டார். வரி முடியப்போகும்போது டைப்ரைட்டர் 'டிங்' என்று மணி அடிக்கும். உடனே இடது கை தானாக எழுந்து உருளையைத் தள்ளிவிடும். குமரிப் பெண்ணாக வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த மணியை நம்பித்தான் பிழைப்பு. இந்தப் புது மிஷின் மணி அடிக்கவில்லை. மணி அடிக்கட்டும் என்று காத்துக்கொண்டே முழுக் கடிதத்தையும் அடித்துவிட்டார்.

"இதுல மணி இல்லக்கா. நீங்களா பாத்து ரிட்டர்ன் அடிக்கணும்."

"எதைப் பாத்து?"

"ஸ்க்ரீனைப் பாத்து."

"ஸ்க்ரீனைப் பாத்தா நோட்டை யாரு பாக்குறது? நீயா?"

லூயிஸ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைப் பக்கம் நடந்தான்.

தோட்டங்களுக்கு உரமும் களைக்கொல்லியும் விற்கிற கம்பெனி அது. கே.எல். என்ற கோலாலம்பூர்த் தலைமை அலுவலகம் அந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில், ஈப்போ கிளைக்கு ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டரும் மூன்று திரைகளும் அனுப்பிவைத்தது. மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தவன் என்று லூயிஸைப் பாகான் செராய் ஸ்டோரிலிருந்து அழைத்துவந்து அதற்குக் காவல் போட்டார்கள்.

லூயிஸுக்கு அது காவல் அல்ல, மோட்சம். கல்யாணமான நாளிலிருந்து அவன் பாகான் செராயில் கொசுவோடும், மனைவி ஹில்டா ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையோடும் இருந்தார்கள். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிப் போவான். புருஷன் என்றால் துவைத்த துணி வாங்கவரும் ஆள் என்றே ஹில்டா நினைக்கத் தொடங்கிய நேரத்தில்தான் மிஷின் வந்தது, மாற்றலும் வந்தது. இப்போது ஹில்டா ஏழு மாதக் கர்ப்பிணி.

ஓட்டை விழுந்த தாளை மேனேஜர் அலெக்சாண்டர் வாங்கிப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. தனக்குப் பிடிக்காத எந்தக் காகிதத்திலும் சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு '?' போட்டுத் திருப்பி அனுப்புவார். அந்தக் கேள்விக்குறி மேசைக்கு வந்துவிட்டால் ஆபீஸில் யாருக்கும் சோறு இறங்காது.

"இந்த மிஷின்ல எழுதுறதுக்கு எத்தனை வழி இருக்கு?" என்றார்.

"மூணு எடிட்டர் இருக்கு சார்." எடிட்டர் என்றால் பத்திரிகைக்காரர் அல்ல. மிஷினில் எழுதவும் திருத்தவும் அழிக்கவும் உதவுகிற புரோகிராமுக்கு அதுதான் பெயர்.

"மூணுல எது சுலபமோ அதை எடு. டைரக்டர் தோட்டமெல்லாம் பாத்துட்டு வெள்ளிக்கிழமை இங்க வாராரு. கெர்ட்ரூட் அவர் முன்னால ஒரு லெட்டர் அடிக்கணும். நீ பக்கத்துல போகக் கூடாது. அடிச்சா மிஷின் தப்பிக்கும், நீயும் மிஷினோட இருப்ப. இல்லேன்னா மிஷின் கே.எல்.லுக்குத் திரும்பிடும். அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை?"

பாகான் செராய் கொசுவெல்லாம் ஒன்றாக வந்து காதுக்குள் பாடுவதுபோல் இருந்தது லூயிஸுக்கு.

அன்று திங்கட்கிழமை. அக்கா அடித்தது 'வி-ஐ' என்ற எடிட்டரில். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. முதலில் 'ஐ' என்ற சாவியை அழுத்திவிட்டுத்தான் எழுதவேண்டும். எழுதி முடித்ததும் 'எஸ்கேப்' சாவியை அழுத்தவேண்டும். 'ஐ'யை அழுத்தாமல் எழுதினால், ஒவ்வொரு எழுத்தையும் அது கட்டளையாக எடுத்துக்கொண்டு அழி என்றால் அழிக்கும், தாவு என்றால் தாவும். 'டியர்' காணாமல் போனது அப்படித்தான்.

லூயிஸ் ஒரு யோசனை செய்தான். அக்காவுக்கு வேண்டியது மணிதானே?

"அக்கா, வரி முடிஞ்சதும் இந்த எஸ்கேப்பை ரெண்டு தரம் தட்டுங்க. மணி அடிக்கும்."

அக்கா தட்டினார். டிங்! முகம் மலர்ந்துவிட்டது. "இது நல்லா இருக்கே!"

எஸ்கேப்பைத் தட்டினால் எழுதுவது நின்று கட்டளை ஆரம்பித்துவிடும் என்பதை, மணியோசை கேட்ட சந்தோஷத்தில் லூயிஸே மறந்துபோனான். அக்கா மணி அடித்தார், ரிட்டர்ன் அடித்தார், நோட்டைப் பார்த்து இரண்டாம் வரியை விளாசினார். மிஷினுக்கு அது வரி அல்ல, இரைச்சலான கட்டளைகள். புரியாத கட்டளைக்கெல்லாம் டிங், டிங் என்றது. டிங் கேட்டபோதெல்லாம் அக்கா ரிட்டர்ன் அடித்தார். முதல் வரியையும் மிஷின் தின்றுவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"யாரு இவங்களை மணி அடிக்கச் சொன்னது?" என்று மேனேஜர் கதவைத் திறந்து கேட்டார்.

"நான்தான் சார்," என்றான் லூயிஸ். வேறு யாராவதாக இருந்தால் மிஷின் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். லூயிஸுக்குப் பொய் வராது. வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

வி-ஐ வேண்டாம், இன்னும் பழசான 'ஈ-டி'யைப் பார்ப்போம் என்று அன்று மதியமே முடிவு செய்தான். ஈ-டி ரொம்ப அடக்கமான எடிட்டர். தேவையில்லாமல் திரையில் எதுவும் காட்டாது, வளவளவென்று பேசாது. சுலபமா என்று பார்க்க ஒன்றும் தெரியாத ஆளாக வேண்டுமே? ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி கார்த்திகேசு அகப்பட்டான்.

"ரொம்ப சுலபம் மச்சான், இங்க உக்காந்து என்னமாச்சும் எழுது. நான் போய்ப் பிரிண்டருக்கு ரிப்பன் மாத்திட்டு வாரேன்."

கார்த்திகேசு மரியாதை தெரிந்தவன். எதை எழுதினாலும் 'சார்' என்றே ஆரம்பிப்பான். 'சார், வணக்கம்' என்று ஆங்கிலத்தில் அடித்தான்.

அடக்கமான அந்த எடிட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. சொன்னது புரியவில்லை என்றால் அது சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். திரையில் வந்தது: ?

கார்த்திகேசு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் கேள்விக்குறியைத் தெரியாதா? மேனேஜர் அறையிலும் ஒரு திரை இருக்கிறதே! உள்ளே உட்கார்ந்தபடியே கேட்கிறார்!

'சார், போன புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் இல்லை' என்று அடித்தான்.

?

'சார், ஸ்டேடியத்துக்குப் பந்து விளையாட்டுப் பார்க்கப் போனேன்.'

?

'சார், கம்பெனி லாரியில்தான் போனேன்.'

?

'சார், மாமனார் வீட்டு ஆட்களும் கூட வந்தார்கள்.'

?

இதற்கு மேல் ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆனதும், எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போய், எல்லாவற்றையும் வாயாலும் ஒருமுறை ஒப்பித்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலுக்காவது யாரும் கம்ப்யூட்டர் கொடுக்கவில்லை. மேனேஜருக்கு அதுவரை எதுவுமே தெரியாது. அவர் திரையை அன்றைக்குப் போடக்கூட இல்லை.

"ரொம்ப சுலபம்னு சொன்னியே மச்சான்," என்று மட்டும் சொன்னான் கார்த்திகேசு, லாரிச் சாவியைப் பறிகொடுத்துவிட்டு வந்து.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் நிம்மதியாக இருந்தது. கே.எல்.லிலிருந்து வந்த டைரக்டரை அழைத்துக்கொண்டு மேனேஜர் வடக்கே தோட்டங்களைப் பார்க்கப் போய்விட்டார். டிரைவர் ஐயாவு அண்ணன் கார் ஓட்டினார். சத்தமில்லாத ஆபீஸில் லூயிஸ் மறுபடியும் வி-ஐயைத் திறந்து அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். சாயங்காலத்துக்குள் அக்கா ஸ்க்ரீனை ஓரக்கண்ணால் பார்க்கப் பழகி, ஒரு சின்னக் கடிதத்தை வரி வரியாக அடித்து முடித்தார். 'டியர்' முழுசாக இருந்தது.

"அக்கா, நீங்க கெட்டிக்காரி!"

"எங்கப்பா எஸ்டேட் கிராணிப்பா. விடியக்காலையில பெரட்டு எடுத்து ஆள் எண்ணுறவரு மகளுக்கு இது ஒரு வேலையா?" என்றார் அக்கா. பெருமை பிடிபடவில்லை அவருக்கு.

அன்று வீட்டில் லூயிஸ் விசிலடித்துக்கொண்டே வெங்காயம் உரித்தான். ஹில்டா கால்களை ஸ்டூலில் தூக்கிவைத்துக்கொண்டு கதை முழுவதையும் கேட்டாள்.

"எதை முன்னால அழுத்தறது, எதைப் பின்னால அழுத்தறதுங்கிறதுதானே கஷ்டம்? எங்க வார்டுல மாத்திரை கொடுக்கிற மாதிரி எழுதி ஒட்டிடுங்க. 'ஐ' மேல 'சாப்பாட்டுக்கு முன்'. எஸ்கேப் மேல 'சாப்பாட்டுக்குப் பின்'. கண்ணு தெரியாத கிழவிகூட மாத்திப் போட்டுக்க மாட்டா."

"ஹில்டா, நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்!"

"பாகான் செராய் போவீங்க," என்றாள் அவள். சிரித்தாள்தான். ஆனால் கை வயிற்றின்மேல் இருந்தது. லூயிஸுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பிள்ளை பிறக்கிற நேரத்தில் எங்கேயோ ஒரு பஸ் ஸ்டாண்டில் நிற்கக்கூடாது என்பதைத் தவிர வேறு ஆசை அவனுக்கு இல்லை.

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரி பிளாஸ்டரில் எழுதிக் கொண்டுவந்து இரண்டு சாவிகளிலும் ஒட்டினான். பத்து மணிக்கு எல்லோரும் காப்பிக்குப் போனார்கள். வடக்கேயிருந்து திரும்பிய ஐயாவு அண்ணனைச் சுற்றி வழக்கம்போல் கூட்டம். லூயிஸையும் கூப்பிட்டார்கள். "நீங்க போங்க, நான் வாரேன்," என்று சொல்லிவிட்டு மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் என்றைக்குக் காப்பிக்குப் போனான்?

அக்கா திரும்பிவந்து உட்கார்ந்தார். பிளாஸ்டரைப் பார்த்தார்.

"ஹில்டா கையெழுத்தா? எப்பப்பா அவளுக்கு?"

"டிசம்பர்லக்கா. நீங்க ஆரம்பிங்க."

அக்கா ஆரம்பித்தார். சாப்பாட்டுக்குப் பின் அழுத்தவேண்டியதை முன்னாலும், முன் அழுத்தவேண்டியதைப் பின்னாலும் அழுத்தினார். நேற்று அடித்த கடிதம் இன்று எட்டுத் துண்டாகக் கிடந்தது.

"என்னக்கா இது? நேத்து நல்லா அடிச்சீங்களே!"

"நேத்து என்னமோ வந்திச்சு. இன்னைக்கு எல்லாம் மறந்துபோச்சுப்பா."

மதியம்வரை சொல்லிக்கொடுத்தான். சொல்லச் சொல்ல மோசமாகிக்கொண்டே போனது. கார்த்திகேசு வேறு தோள்மேல் எட்டிப்பார்த்து, "விடு மச்சான், வராத ஒன்ன ஏன் வருத்திக்கிட்டு?" என்று இலவச அறிவுரை சொல்லிவிட்டுப் போனான்.

தப்பு அக்காவுடையதல்ல, எடிட்டருடையது என்று லூயிஸ் தீர்மானித்தான். நல்லவர்களுக்கு இது ஒரு வியாதி. மூன்றாவதாக இருந்தது 'ஈமேக்ஸ்'. அதில் முன், பின் தொல்லையே கிடையாது. திறந்தவுடன் எழுதலாம். வியாழக்கிழமை மூன்று திரைகளிலும் அதைத் திறந்துவைத்தான்.

எடிட்டர் நல்ல எடிட்டர்தான். ஆனால் அதன் உடம்பு பெரிது, மிஷினின் மூளை சிறிது. மூன்று பேர் திறந்ததும் மிஷின் மூச்சு வாங்கியது. அக்கா 'டியர்' என்று அடித்துவிட்டு, திரையில் ஒன்றும் வராததால் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார். அப்போதுதான் முதல் எழுத்து வந்திருந்தது. "இதுக்கு நான் நடந்துபோயே அந்தத் தோட்டத்துல சொல்லிட்டு வந்திருப்பேன் லா," என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று சம்பள நாள். சம்பளச் சீட்டு அச்சடிக்கிற வேலையும் அதே மிஷினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது பாதிப் பெயரில் நின்றுவிட்டது. ஸ்டோர் ஆட்களும் லாரி ஆட்களும் கதவருகே வரிசையாக நின்று, கண்ணாடி வழியாக லூயிஸை முறைத்தார்கள். மிஷினை அணைத்துப் போட்டு எல்லாம் சரியாவதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. மேனேஜர் அன்று லூயிஸின் மேசைக்கு ஒரு வெற்றுக் காகிதம் அனுப்பினார். அதன் நடுவில் சிவப்பாக ஒரு கேள்விக்குறி இருந்தது.

வேறு வழியில்லை. வி-ஐயேதான், பிளாஸ்டரேதான். வெள்ளிக்கிழமை காலையில் அக்காவுக்கு வேலை குறையட்டும் என்று, டைரக்டரை வரவேற்கும் கடிதம் முழுவதையும் லூயிஸே முன்கூட்டி அடித்துவைத்துவிட்டான். அக்கா செய்யவேண்டியதெல்லாம் மேலே தேதியைச் சேர்ப்பது மட்டும்தான்.

"ஐ, தேதி, எஸ்கேப். அவ்வளவுதான்கா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"மாதா பாத்துக்குவா, நீ தள்ளி நில்லு," என்றார் அக்கா.

டைரக்டர் வந்தார். மேனேஜர் வந்தார். ஆபீஸே வந்து பின்னால் நின்றது. அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதல் வேலையாக எஸ்கேப்பை அழுத்தினார். டிங். மறுபடியும் அழுத்தினார். டிங். லூயிஸுக்கு வேர்த்தது. அடுத்து அவர் விரல் சின்ன 'டி'யில் விழுந்தது, அதற்கடுத்து பெரிய 'ஜி'யில் விழுந்தது. கடிதம் முழுவதும், ஆரம்பம் முதல் கையெழுத்து இடும் இடம் வரை, துடைத்ததுபோல் மறைந்துபோனது.

"ஐயோ, காணோமே!" என்றார் அக்கா.

போனதைத் திருப்பிக் கொண்டுவர ஒரே ஒரு சாவி போதும். லூயிஸ் பாய்ந்தான். மேனேஜர் கையை நீட்டித் தடுத்தார். "பக்கத்துல போகாதேன்னு சொன்னேன்ல?" அதற்குள் அக்காவின் விரல் பெரிய 'இசட்'டில் இரண்டு தரம் விழுந்தது. வெற்றுக் கடிதத்தைப் பத்திரமாகச் சேமித்துவைத்துவிட்டு எடிட்டர் மூடிக்கொண்டது. இத்தனை சாவிகளில் சர்வநாசத்துக்கான சாவிகளாகப் பார்த்து, அதுவும் சரியான வரிசையில் ஒரு மனுஷியின் கை எப்படிப் போகிறது? கெட்ட நேரம் என்று தலையில் அடித்துக்கொண்டான் லூயிஸ்.

"சுசா, சுசா," என்று மலாயில் சலித்துக்கொண்டார் டைரக்டர். கஷ்டம் என்பதை அவர் இரண்டு முறை சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. மூலையில் உறைபோட்டிருந்த டைப்ரைட்டரைக் காட்டினார். அக்கா உறையை எடுத்தார். டிங், டிங் என்று வரிக்கு ஒரு மணியாக, டைரக்டர் கண் சிமிட்டுவதற்குள் கடிதத்தைக் கையில் கொடுத்தார்.

"இதுதான் சுலபமான எடிட்டர்," என்றார் டைரக்டர் மேனேஜரிடம். "மிஷினை இன்னைக்கே கே.எல்.லுக்கு அனுப்பிடுங்க. அந்த இன்னொரு யோசனையும் வேண்டாம்."

எல்லோரும் கலைந்தபின் லூயிஸ் அக்காவின் மேசைக்குப் போனான். அவன் யாரையும் கடிந்து பேசியதில்லை. அன்று பேசினான்.

"ஒரு வாரமா தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக்கொடுத்தேனேக்கா. ஒரு தேதி அடிக்க முடியலையா? என் குடும்பத்தையே பிரிச்சுட்டீங்களே!"

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "வயசாச்சுப்பா," என்று சொல்லிவிட்டு டைப்ரைட்டர் ரிப்பனைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பாகான் செராய்க்கு எந்த பஸ் என்று யோசித்துக்கொண்டே மேனேஜர் அறைக்குள் போனான். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பாகான் செராய்ல உன் இடத்துக்கு எப்பவோ ஆள் போட்டாச்சு. அங்க போய் என்ன செய்வ? இங்கயே சரக்கு அனுப்புற டெஸ்பாட்ச்ல உக்காரு."

"இங்கயேவா சார்? ஈப்போலயா?"

மேனேஜர் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார். லூயிஸ் வெளியே வந்துவிட்டான்.

தோற்றும் தப்பித்தது எப்படி என்று அவனுக்கு விளங்கவில்லை. சந்தோஷப்படலாமா என்றும் தெரியவில்லை. மத்தியானம் மிஷினையும் திரைகளையும் பெட்டிகளில் போட்டு, ஐயாவு அண்ணனோடு சேர்ந்து வேனில் ஏற்றினான். ஆசையாகத் துடைத்துவைத்த மிஷின். கடைசிப் பெட்டியை ஏற்றும்போது மனசு பொறுக்கவில்லை.

"என் வேலை தப்பிச்சது எந்தச் சாமி புண்ணியமோ அண்ணே. ஆனா கெர்ட்ரூட் அக்கா பண்ணதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன்."

ஐயாவு அண்ணன் கயிற்றை இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டார். மேனேஜர் அறை ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"லெட்டரு மட்டும் ஒழுங்கா வந்திருந்தா மிஷினையும் ஒன்னையும் பாகான் செராயையும் தாண்டி இருக்கிற பாரிட் புந்தார் புதுக் கிளைக்கு அனுப்பிடணும்னு செவ்வாக்கிழமை காருலயே பெரியவங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டாங்க தம்பி; நான் வந்து சொன்னதும், புள்ளத்தாச்சியத் தனியா விட்டுட்டு நீ போகக் கூடாதுன்னுதான், அந்த மிஷின நல்லாக் கத்துக்கிட்ட அக்கா மூணு நாளா ஒன்னுமே தெரியாத மாதிரி உன்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தாங்க."